ஹாஸ்டல் பூட்டியாச்சு... ஃப்ரெண்ட்ஷிப்புக்குமா லீவு?

ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் பெட்டி, படுக்கை, பக்கெட் எல்லாம் ஆட்டோவில் ஏறிவிடும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் செலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என விடுதிகள் அமைதியாகிவிடும். 1837-ல் பள்ளியாகத் தொடங்கி, 1937-ல் தாம்பரத்தின் மரங்களுக்கு நடுவே குடிவந்த கல்லூரி இது. அங்கே தங்கிப் படிப்பவர்களுக்கு மெஸ், மைதானம், மாலை ஜெபக்கூட்டம், இரவு அரட்டை எல்லாமே ஒரே கூட்டத்தோடுதான். மே மாதம் வந்தால், அந்தக் கூட்டம் நாகர்கோவிலுக்கும் வேலூருக்கும் நாகாலாந்துக்கும் பிரிந்து போய்விடுகிறது.

வெளியூர்க்காரர்களின் ஏக்கம் எல்லோருக்கும் புரியும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் வீடு இருப்பவர் முகம் வாடினால், "இங்க இருக்கிற தாம்பரம்தானே?" என்பார்கள். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பார்க் ஸ்டேஷனில் அடுத்த ரயில் பிடித்தால் தாம்பரம் போய்விடலாம்தான். ஆனால், போய்ப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

அப்பா டாங்க் ஃபேக்டரிக்கோ எஸ்டேட் கம்பெனிக்கோ ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். பகல் முழுக்க ஃபேன் சத்தம் மட்டும்தான். வாட்ஸ்அப் குரூப்பில் முதல் வாரம் முந்நூறு மெசேஜ், மூன்றாவது வாரம் ஒரு பிறந்தநாள் வாழ்த்து. "எந்நேரமும் போனையே பார்த்துட்டு இருக்கே" என்பது அம்மாவின் புகார். அந்த போனில் எதுவும் வரவில்லை என்பதுதான் பிள்ளையின் கவலை.

200 மணி நேரக் கணக்கு

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சேர்ந்து வேலை பார்க்கும் நேரத்தைவிட, சும்மா பேசிச் சிரிக்கும் நேரமே நெருக்கத்தைக் கூட்டுகிறது என்றும் அவர் கண்டார்.

ஹாஸ்டலில் தினமும் ஐந்து மணி நேரம் சேர்ந்திருந்தால் 40 நாளில் 200 மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் மட்டும் பேசினால் கிட்டத்தட்ட நான்கு வருடம்! கேம்பஸில் நட்புக்கான நேரத்தை மணியடித்தே கொடுத்துவிடுகிறார்கள். லீவில் அந்த நேரத்தை நாம்தான் ஒதுக்க வேண்டும். மெசேஜ் குறைந்தால் அன்பு குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. எதிர்முனையில் இருப்பவரும், 'அவனே பேசட்டும்' என்று காத்துக்கொண்டிருக்கலாம்.

என்ன செய்யலாம்?

'ஹாய்' அனுப்புவதைவிட போன் செய்யுங்கள். எழுத்தைவிடக் குரலே நெருக்கத்தை அதிகம் உணரவைக்கிறது என்று 2021-ல் வெளியான அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி ஆய்வு சொல்கிறது. ஹாஸ்டலில் சேர்ந்து ஜெபித்த அதே மாலை நேரத்தில், வாரம் ஒருநாள் நான்கு பேர் கான்ஃபரன்ஸ் காலில் வந்தால் போதும். சென்னையிலேயே இருக்கும் நண்பர்களுக்கு, ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே சென்ட்ரல் இருக்கவே இருக்கிறது.

அடுத்து, உள்ளூர் ஆலயம். மே மாதம் பல ஆலயங்களில் வி.பி.எஸ். எனும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க கல்லூரி மாணவர்களைத்தான் தேடுவார்கள். சண்டே கிளாஸில் கூடப் படித்து, இப்போது ஆளே மாறிப்போன பழைய நண்பர்களும் அங்கே இருப்பார்கள். பிள்ளைகள் போன பிறகு சேர்களை அடுக்கிவிட்டு, டீ குடித்தபடி பேசுகிற நேரம்தான் முக்கியம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நண்பர் கிடைத்தால் அடுத்த மே மாதம் இவ்வளவு நீளமாக இருக்காது.

மூன்றாம் ஆண்டு முடித்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜூனில் கல்லூரி திறக்கும்போது அவர்களுடைய அறையில் வேறு யாரோ இருப்பார்கள். எல்லா நட்பும் கூடவே வராது. யாரோடு தொடர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அவர்களுக்கு இந்த மாதமே நேரம் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் தவிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. பிள்ளை உம்மென்று இருந்தால் திட்டுவதற்கு முன், "உன் ஃப்ரெண்ட் எப்படி இருக்கான்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஞாயிறு மதியம் அந்த நண்பரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். சோகம் வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இதைப் படித்து முடித்ததும் யார் முகம் நினைவுக்கு வருகிறதோ, அவருக்கு இன்று மாலை ஒரு கால் போடுங்கள்!