அழைத்தல் யாருக்கு?

'இறையழைத்தல்' என்றதும் குருமாரும் கன்னியரும்தாம் நினைவுக்கு வருவர். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால், 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு, பொதுநிலையினரும் தத்தம் அன்றாடத் தொழிலின் வழியே புனித வாழ்வுக்கு அழைக்கப்படுகின்றனர் என்று கூறுகிறது. திருத்தூதர் பவுலும் கூடாரம் செய்து பிழைத்தவர்தாமே!

என் அம்மா மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். நோயாளியின் கட்டிலடியை ஒன்றுக்கு இரண்டு முறை துடைப்பார். கேட்டால், "நம்ம வீட்டு ஆளு படுத்திருந்தா எப்படி இருக்கணும்?" என்பார். இதுவும் அழைத்தல் அன்றோ?

அதற்காக, 'தொண்டு' என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தைக் குறைப்பது அறமாகாது. உழைத்தவரின் கூலியைப் பிடித்து வைப்போரை யாக்கோபு திருமுகம் கடுமையாகச் சாடுகிறது. வேலையைப் போற்றுகிறவர் கூலியையும் மதிக்க வேண்டும்.

நண்பர்களே, சமுதாயச் சேவையைப் பற்றி விழா மேடைகளில் நிறையவே பேசுகிறோம். ஆனால், அம்மாவின் மலாய்ப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கும்போதுதான், தேசிய இடைநிலைப்பள்ளியில் நான் கற்ற மொழி யாருக்காக என்பது எனக்குப் புரிந்தது. நாளை பட்டம் பெற்று நாம் முகப்பிடத்தில் அமரும்போது, பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் மூதாட்டியைத் திருப்பி அனுப்பாதிருப்போம். சமயம் எதுவாயினும், நம் தொண்டு அங்கிருந்தே தொடங்கட்டும்.