நைட் விஷன்ல பார்த்தா போங்காட்டமா?

டெலஸ்கோப்பில் நைட் விஷன் குழாயை மாட்டி நெபுலா பார்க்கிறவங்களை, "நீ பார்க்கிறது வானம் இல்ல, டிவி"ன்னு நக்கலடிக்கிற கூட்டம் ஒண்ணு அமெரிக்க அமெச்சூர்கள் மத்தியில் உண்டு மக்களே. அந்தத் தூய்மைவாதிகளுக்குச் சில கேள்விகள்.

1888-ல் வில்லியமினா ஃபிளெமிங் குதிரைத்தலை நெபுலாவைக் கண்டுபிடிச்சது வானத்தைப் பார்த்தா? ஹார்வர்டு போட்டோ தகட்டில்தானே! அதன் பின்னாடி இருக்கிற ஹைட்ரஜன் மேகம் 656 நானோமீட்டர் சிவப்பில் ஒளிருது. இருட்டுக்குப் பழகின கண் அந்தச் சிவப்புக்குக் கிட்டத்தட்ட குருடு. எத்தனை பெரிய டெலஸ்கோப் வாங்கினாலும் மேகம் பெரிசாத் தெரியுமே தவிர, அதன் பரப்பு வெளிச்சம் ஏறாது.

இந்தக் குழாய் என்ன பண்ணுது? வந்து விழும் ஒளியை எலக்ட்ரானாக்கி, ஆயிரக்கணக்கில் பெருக்கி, பாஸ்பர் திரையில் மோதவிடுது. மணிக்கணக்கா சேர்த்து வெச்ச படம் இல்லைங்க, இப்போ வந்த வெளிச்சம். மூக்குக்கண்ணாடி போட்டுப் படிக்கிறவரை "நீ படிக்கவே இல்ல"ன்னு சொல்வீங்களா?

விலை பல ஆயிரம் டாலர். அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோகக் கெடுபிடி. திட்டணும்னா அதைத் திட்டுங்க, நானும் சேர்ந்துக்கறேன். கண் மங்கின ஒரு பெரியவர் குதிரைத்தலையைப் பார்த்து வாய் பிளக்கிறதைத் திட்டாதீங்க.