ரோபோவுக்கு மூளை ஓகே... மண்டை ஓடு?

ஐ.ஐ.டி-யில 'சாஸ்த்ரா', கிண்டி அண்ணா யுனிவர்சிட்டியில 'குருக்ஷேத்ரா'ன்னு டெக் ஃபெஸ்ட் சீசன் நெருங்கினா போதும்... ஹாஸ்டல் ரூம்ல சால்டரிங் வாசனை தூக்கும். வீலுக்கு ஒரு மாசம், புரோகிராமுக்கு ஒரு மாசம்னு மண்டையை உடைச்சுக்கற நம்ம ஆளுங்க, ரோபோவோட மூளையான கன்ட்ரோலர் போர்டை எப்படி மாட்டுவாங்க தெரியுமா? முந்தின நாள் ராத்திரி, ரெண்டு துண்டு டபுள் சைடு டேப்!

ஒரு காலேஜ் ரோபோ சண்டையில பார்த்தேன். செமி ஃபைனல் வரைக்கும் தோற்காம வந்த டீம். எதிராளி வந்து ஒரே ஒரு இடி. வெளியில கீறல்கூட இல்லை. ஆனா ரோபோ அசையலை. உள்ளே டேப் பிஞ்சு, போர்டு அலுமினிய சேஸிஸ் மேல படுத்திருந்துச்சு. அடிப்பக்க சால்டர் முனைங்க உலோகத்துல பட்டா ஷார்ட் ஆகாம என்ன ஆகும்? ஆறு பேர் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. நடுவர் பத்து எண்ணி முடிச்சுட்டார்.

இதுக்கு மருந்து ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசுக்குக் கிடைக்குது. பேரு ஸ்பேசர். போர்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல நிக்கிற குட்டித் தூண். பித்தளையும் உண்டு, நைலானும் உண்டு. நைலான்ல ஷார்ட் பயமில்லை; ஆனா முரட்டுத்தனமா முறுக்கினா மரை போயிடும். ஆர்டுயினோ ஊனோவுல 3.2 மி.மீ. ஓட்டை நாலு இருக்கு, எம்3 ஸ்க்ரூ கச்சிதம். அதுல ஒண்ணு பின் வரிசையை ஒட்டி இருக்கறதால ஸ்க்ரூ தலை இடிக்கும். அங்கே நைலான் ஸ்க்ரூ போடுங்க, இல்லை மூணோட விட்டுடுங்க. ராஸ்பெர்ரி பையா? அதுக்கு எம்2.5 தான். எம்3-யைத் திணிக்காதீங்க!

சரி, நாலையும் இறுக்கிட்டா முடிஞ்சுதா? அங்கதான் ட்விஸ்ட். சேஸிஸ் முறுக்கினா போர்டும் சேர்ந்து முறுக்கும்; சால்டர் விட்டுப்போகும். அதனால அடியில ரப்பர் வாஷர் வேணும். பழைய ஹவாய் செருப்பை வட்டமா வெட்டினாலே போதும். எங்க மயிலாப்பூர் வீட்டுல அறுந்த செருப்பை அம்மா இப்போல்லாம் தூக்கிப் போடறதே இல்லை!

அதிர்வுல நட்டு கழலாம இருக்க நைலாக் நட்டு பெஸ்ட். லாக்டைட்டும் போடலாம், ஆனா உலோகத்துக்கு மட்டும். அக்ரிலிக், பாலிகார்பனேட்டுல பட்டா விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

போர்டு கெட்டியா நின்னாலும் ஒயர் காலை வாரிடும். என்னைக் கேட்டா, பாதி ரோபோ சாகறது இதுலதான். ஒயரைக் கொஞ்சம் லூஸா விட்டு, கனெக்டருக்குப் பக்கத்துலயே சேஸிஸோட சேர்த்து கேபிள் டை போடுங்க. இழுத்தா டை தாங்கணும், கனெக்டர் இல்லை. ஸ்க்ரூ டெர்மினல்ல போற ஒயர் நுனிக்கு ஈயம் வெக்காதீங்க. ஈயம் மெதுவா அமுங்கிப்போய் பிடி தளரும். ஃபெரூல் போட்டு இறுக்குங்க.

பெட்டி வேணுமா? தி.நகர்ல ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் வாங்கினா முடிஞ்சுது. மோட்டார் டிரைவரை மட்டும் அதுக்குள்ள பூட்டாதீங்க, வெந்துடும். யு.எஸ்.பி. போர்ட்டுக்கும் ரீசெட் பட்டனுக்கும் கை போற மாதிரி வழி இருக்கட்டும்.

சண்டை ரோபோவுக்கு மட்டும்தான் இந்தப் பாடான்னு கேக்காதீங்க. 2014-ல புனேயில நடந்த ஏபியூ ரோபோகான்ல, பெரிய ரோபோ ஒரு குழந்தை ரோபோவைத் தூக்கி சீசா, ஊஞ்சல்னு விளையாட வைக்கணும், எல்லாம் 3 நிமிஷத்துக்குள்ள. தூக்குறதும் இறக்குறதும் ஆட்டுறதுமா அந்தக் குட்டிக்குள்ள இருக்கிற போர்டு பாடு எப்படியிருக்கும், யோசிங்க!

போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு டெஸ்ட். வீல், வெப்பன் மோட்டார் இணைப்பைக் கழட்டிட்டு, கன்ட்ரோலரை மட்டும் ஆன் பண்ணுங்க. ரெண்டு பேர் பிடிச்சு ரோபோவைத் தலைகீழாக் கவுத்து நல்லா உலுக்குங்க. போர்டுல இருக்கிற எல்.இ.டி. ஒரு தடவை சிமிட்டினாலும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுங்க... ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போக இன்னும் ஒரு நாள் இருக்கு!