குடத்துக்கு ஒரு நீதி, பெட்டிக்கு ஒரு நீதி

சில மாதங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஓர் இலக்கியக் கூட்டம். வில்லுப்பாட்டு அருகிவருவது குறித்து ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது வெளியே ஒரு கார் சென்றது. பாட்டு எதுவும் கேட்கவில்லை. ‘தும் தும்’ என்ற அதிர்வு மட்டும் சன்னல் கண்ணாடிகளை நடுக்கிவிட்டுக் கடந்தது. பேச்சாளர் சற்றே நிறுத்தி, “இதுதான் நம் காலத்தின் இசை” என்றார். அவை சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றியதே இக்கட்டுரை. அது அறியாமையின் சிரிப்பு என்பது எங்கள் தரப்பு.

வில்லுப்பாட்டின் குடத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லை, குமரி மாவட்டக் கொடைவிழாக்களில் சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் ஒலியை விளக்க வேண்டியதில்லை. வில்லின் மணிகளும் உடுக்கையும் தாளமும் மேலே ஒலிக்க, அடியில் நின்று அனைத்தையும் தாங்குவது குடத்தின் முழக்கம். அம்முழக்கம் எவ்வாறு பிறக்கிறது? குடத்தின் கழுத்திலுள்ள காற்று ஓர் எடைபோல. வயிற்றில் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்போல. வாயில் மட்டையால் அடித்ததும் அந்த எடை அந்தச் சுருள்வில்லின்மீது ஆடத் தொடங்குகிறது. வயிறு பெருத்தால் ஒலி தாழும். வாய் அகன்றால் உயரும். கழுத்து நீண்டால் மீண்டும் தாழும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட தம் நூலில், இத்தகைய கலங்களைக் கொண்டே ஒலியைப் பகுத்துக் காட்டினார்.

இனி, காரின் டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் பெட்டிக்கு வருவோம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்பக்கத்துக் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்றை இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்குச் சிறு கூம்பு ஒரு தடையே அன்று. பின்பக்கத்து அலை எளிதாகச் சுற்றிவந்து முன்பக்கத்து அலையை அழித்துவிடும். அதைத் தடுக்கவே பெட்டி. அப்பெட்டியில் அளவறிந்து ஒரு குழாயையும் பொருத்தினால், பின்பக்கத்து ஆற்றல் வீணாகாமல் குழாய்க் காற்றை ஆட்டி முன்பக்கத்துக்குத் துணையாக ஒலிக்கும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். பெட்டி வயிறு, குழாய் கழுத்து. குடம் மரத்தாலானது, அவ்வளவே. குடத்தைத் தொல்கலை என்று கும்பிட்டுவிட்டுப் பெட்டியைச் சீரழிவு என்று ஏசுகிறவர், இரண்டில் எதையும் திறந்து பார்த்தவர் அல்லர்.

“அப்படியானால் இரைச்சலுக்கு வக்காலத்தா?” என்று கேட்பார்கள். இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டுள்ளன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவு. உறங்கும் தெருவை அதிரவைப்பவரைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் ‘தும் தும்’ எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறோமா? ஒலியளவு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை நாங்கள் எங்கள் கைப்பொருளைச் செலவழித்துக் கற்றுக்கொண்டோம்.

எங்களில் ஒருவரிடம் பழைய கார் ஒன்று உண்டு. அதற்குப் பெட்டி செய்ய வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தச்சரிடம் சென்றோம். எங்களுடைய 10 அங்குல ஒலிபெருக்கிக்கு 50 லிட்டர் காற்று வேண்டும் என்று கணக்கிட்டு, 45 × 37 × 30 சென்டிமீட்டர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இழைத்து, பசையிட்டு, திருகி, மூலைகளில் சிலிக்கான் பூசி, ஒரு குறையும் சொல்லமுடியாத பெட்டியைத் தந்தார். ஆனால் அது உள்ளளவா வெளியளவா என்று நாங்கள் எழுதவில்லை. அலமாரி செய்து பழகிய அவர் வெளியளவாகக் கொண்டார். பலகையின் கனத்தைக் கழித்தால் உள்ளே எஞ்சியது 36.5 லிட்டர். காற்பங்குக்கும் மேலான காற்று காணாமல் போயிற்று.

பிழை அத்துடன் நிற்கவில்லை. 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு இசைவிக்க, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதைப் பெட்டியின் நீளவாக்கில் படுக்கவைத்திருக்கலாம். நாங்களோ அழகு கருதி முன்பலகையில் பொருத்த விரும்பினோம். அங்கே அவ்வளவு ஆழமில்லை. “கொஞ்சம் குறைந்தால் என்ன” என்று 10 சென்டிமீட்டருக்கு நறுக்கினோம். சிறுத்த வயிறு, குறுகிய கழுத்து: 35இல் ஒலிக்க வேண்டிய பெட்டி 61 ஹெர்ட்ஸில் முழங்கியது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனிக் குரலாக ஏறியிறங்கி நடக்கும் என்பது கேட்டவர்க்குத் தெரியும். எங்கள் பெட்டியில் அந்த நடை முழுவதும் ஒரே படியில் நின்று குதித்தது. தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே ‘தும்’. கூட்டத்தில் நாங்கள் சிரித்த அதே ஒலியை நாங்களே செய்து வைத்திருந்தோம்.

மறுமுறை எல்லாம் உள்ளளவாகவே எழுதினோம், காந்தமும் குழாயும் அடைத்துக்கொள்ளும் நான்கைந்து லிட்டரையும் கூட்டிக்கொண்டோம், குழாயைப் படுக்கவைத்தோம். மின்கலத்தின் அருகிலேயே ஃபியூஸ் வைத்தோம். அதைத் தவிர்ப்பது தீயுடன் விளையாடுவது. பெட்டி பாடியது. காரின் உள்ளறை சிறிதாகையால் மிகத் தாழ்ந்த ஒலிகளை அதுவே ஓரளவு உயர்த்தித் தரும்; ஆகவே ஒலியளவைப் பாதியாகக் குறைத்தே கேட்க முடிந்தது. தெருவுக்கும் நிம்மதி.

அன்று தச்சர் கேட்டார்: “அண்ணாச்சி, இந்தக் கணக்கெல்லாம் தமிழ்ல யாராச்சும் எழுதி வச்சிருக்காவளா?” தெரியவில்லை என்றோம். “நீங்கல்லாம் எழுதுதவங்கதானே, இதை எழுதக் கூடாதா?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

இதுவே எங்கள் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளிகள் நாங்களே. புதுமைப்பித்தனின் ஊர், வண்ணதாசனின் ஊர் என்று நெல்லையைப் பெருமை பேசுகிறோம். ஆனால் தாமிரபரணிக் கரையின் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ.நா. அப்புசாமி, வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாளெல்லாம் தமிழில் அறிவியல் எழுதினார் என்பதை எத்தனை கூட்டங்களில் நினைவுகூர்ந்தோம்? தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் சுருதிக் கணக்குகள் அட்டவணை அட்டவணையாக நிற்கின்றன. ஈழத்து விபுலாநந்த அடிகள் 1947இன் ‘யாழ் நூ’லில் பழந்தமிழ் யாழ்களைக் கணக்கைக் கொண்டே மீட்க முயன்றார். கணக்கு எழுதினால் தம் தமிழ் தாழ்ந்துவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை. அந்த அச்சம் நமக்கு எப்போது வந்தது?

இப்போது காணொளிகள் தமிழிலும் நிறைய உண்டு. நாங்கள் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை எதை எங்கே வெட்டுவது என்று காட்டின. ஏன் அந்த அளவு என்று சொல்லவில்லை. அளவை மட்டும் அறிந்தவர் அடுத்த காருக்கும் அதே பெட்டியைத்தான் செய்வார். காரணம் அறிந்தவரே புதிதாகச் செய்வார். அந்தக் காரணத்தைச் சொல்ல உரைநடை வேண்டும். உரைநடை நம் தொழில் என்கிறோம்.

காருகுறிச்சி என்றதும் நமக்கு அருணாசலத்தின் நாகசுரம் நினைவுக்கு வருகிறது. அதே ஊரில் மண்பாண்டம் வனையும் கைகளை நினைப்பதில்லை. வாசிப்பவர் கலைஞர், செய்பவர் கூலிக்காரர் என்ற பாகுபாடு நம்முள் அவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது. செய்பவரின் தொழில் நசிந்து, கடைசி ஆள் மறைந்த பிறகு, அதற்கு நாட்டார் கலை என்று பெயர் சூட்டி இரங்கல் கட்டுரை எழுதுகிறோம். பெட்டி செய்யும் தச்சர் உயிரோடு இருக்கிறார், தொழிலும் நடக்கிறது, அவருக்குத் தேவை இரங்கல் அன்று, பத்துப் பக்கக் கணக்கு.

அந்தப் பத்துப் பக்கத்தை எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் வரி: ‘கொடுக்கும் அளவு உள்ளளவா வெளியளவா என்று எழுதுக.’ அது முடிந்ததும் அச்சரிடமே முதலில் படித்துக் காட்டுவோம். அவருக்கு விளங்காத வரிகளைத் திருத்துவோம். இது இலக்கியத்தின் வேலையல்ல என்று கருதும் நண்பர்கள் தாராளமாக மறுத்து எழுதலாம். அதற்கு முன் ஒருமுறை, வீட்டிலுள்ள ஒரு குடத்தின் வாயில் உள்ளங்கையால் தட்டிக் கேட்டுவிட்டு எழுதுமாறு வேண்டுகிறோம்.