நடுகல் மறந்த நாம்

போர் நடக்கும்போது வீரனைத் தலைமேல் வைத்துப் போற்றுவதும், போர் ஓய்ந்ததும் அவன் பெயரையே மறப்பதும் உலக இயல்பு என்பார் உளர். அக்கூற்றை நாம் மறுக்கின்றோம். கதைவீரர்க்கு அது பொருந்தலாம். குருதி சிந்திய வீரர்க்குப் பொருந்தாது.

கதைவீரன் நிலையை முதலில் காண்போம். அமெரிக்கப் படக்கதையில் 1941ஆம் ஆண்டு இதழோடு அறிமுகமான கேப்டன் அமெரிக்கா, முதல் அட்டையிலேயே இட்லரின் முகத்தில் குத்து விட்டான். போர்க்காலத்தில் அவ்விதழ் பெருவாரியாக விற்றது. 1945இல் போர் முடிந்தது. வாசகர் நாட்டம் வேறு கதைகளுக்குத் திரும்பிற்று. 1950இல் அவன் இதழ் நின்றது. 1964இல், பனிக்கட்டியில் உறைந்து கிடந்தான் என்று கதை கட்டி அவனை மீட்டனர். காகித வீரனுக்கு அது போதும். உறைந்து கிடந்தாலும் அவனுக்குப் பசியில்லை, மூப்பில்லை.

உயிருள்ள வீரனை அவ்வாறு உறையவைக்க இயலுமோ? புனேயை வாழிடமாகக் கொண்ட முரளிகாந்த் பேட்கரை எண்ணிப் பாருங்கள். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். 1972இல் மேற்கு செருமனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனையுடன் பொற்பதக்கம் வென்றார். அப்போட்டிகளில் இந்தியா பெற்ற முதற்பொன் அதுவே. பத்மஸ்ரீ விருதோ அவருக்கு 2018இல்தான் கிட்டிற்று. இடையில் கழிந்தவை 46 ஆண்டுகள்! 2024இல் அவர் வாழ்வு திரைப்படமான பின்னரே பல இல்லங்களில் அவர் பெயர் ஒலித்தது. தில்லியும் திரையும் சொல்லும்வரை ஊரார் வாய் திறவாதிருந்தது முறையோ?

மறதியினும் கொடியது விரும்பியே விலக்கும் மௌனம். மேஜர் இராமசாமி பரமேசுவரன் நம்மைப் போலவே மராட்டிய மண்ணில் வாழ்ந்த தமிழர், பம்பாயில் பிறந்தவர், மகார் படைப்பிரிவின் அதிகாரி. இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று, மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் தம் படையினரை ஊக்கி உயிர் நீத்தார். பரம வீர சக்கரம் பெற்றார். ஆயினும் தமிழ் மேடைகளில் அவர் பெயர் அரிதாகவே எழுகின்றது. காரணம் அறிவோம்: அந்தப் படையெடுப்பு ஈழத் தமிழர்க்கு விளைத்த துயர் நம் நெஞ்சில் ஆறாதது. அத்துயரை மறக்கச் சொல்லவில்லை. படையை அனுப்பியது அரசின் முடிவு. அதற்குரிய கணக்கை அரசிடமே கேட்போம். கடமையில் வீழ்ந்தவன் தலையில் அப்பழியை ஏற்றுவது அறமாகாது.

வீழ்ந்த மறவனுக்குக் கல்நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறைகளாக வகுக்கின்றது. கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கும் அம்முறை, நடுவதோடு முடிவதில்லை. படையல் இடுதலும் வாழ்த்துதலும் அதன்பின் வருவன. நட்டுவிட்டு அகல்வது மரபன்று. நாளும் பேணுவதே மரபு.

அன்பர்களே, கட்கியில் முடக்குற்ற படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கின்றது. நம் பொங்கல் மேடைக்குத் திரைக்கலைஞரை அழைக்க ஓடும் கால்கள், ஆண்டுக்கொரு முறையேனும் நம் பிள்ளைகளோடு அவ்வாயிலை மிதிக்கட்டும். பிள்ளைகள் காகித வீரரை நேசிக்கட்டும், தடையில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் வீரரின் பெயரையும் அவர்கள் கேட்டறிந்து வரவேண்டும்.