சான்றிதழில் சிக்கனம், சாலையில் செலவு

பிஎம்டபிள்யூ எக்ஸ்1 சொகுசு காரின் பிளக்-இன் ஹைப்ரிட் ரகம், கிலோமீட்டருக்கு 45 கிராம் கரியமில வாயுவையே வெளியிடுவதாக ஐரோப்பாவில் சான்று பெற்றது. லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்பது இதன் பொருள். சோதனை விதிகள் 2025-லும் 2027-லும் திருத்தப்படுவதால், அதே காரின் அளவு முதலில் 96 கிராமாகவும் பின்னர் 122 கிராமாகவும் உயரும் என மதிப்பிடப்பட்டது. அதாவது, லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவு. மாறியது என்ஜின் அன்று. உரிமையாளர் எவ்வளவு தூரம் மின்சாரத்தில் ஓட்டுவார் என்ற அனுமானம்தான்.

அந்த அனுமானம் ஏன் பொய்த்தது? 2021-இல் பதிவான கார்களின் எரிபொருள் அளவிகள் தந்த தரவுகளை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்களின் உண்மை உமிழ்வு சான்றளவைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல். பிளக்-இன் ஹைப்ரிட்களிலோ அது மூன்றரை மடங்கு.

இதற்கு ஓட்டுநரின் சோம்பலைப் பழித்துப் பயனில்லை. இக்கார்களில் கணிசமானவை நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு வழங்குபவை. குறைந்த சான்றளவு வரிச்சலுகையைப் பெற்றுத் தருகிறது. பெட்ரோல் செலவைப் பெரும்பாலும் நிறுவனமே ஏற்கிறது. வீட்டு மின்கட்டணமோ ஊழியருடையது. அப்படியிருக்க, அவர் எதற்காக மின்னேற்ற வேண்டும்?

2027 திருத்தத்தைக் கைவிடுமாறு கார் உற்பத்தியாளர்கள் கோருகின்றனர். அதற்கு இணங்கினால், நிகழாத சிக்கனத்துக்குப் பொதுப்பணம் தொடர்ந்து விலையாகும். உண்மையைச் சொல்லும் அளவி காரிலேயே இருக்கிறது; சலுகையை அதன் கணக்குப்படி வழங்குவதே நியாயம்.