துடுப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரம் மாட்டிய கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் என் தம்பி மகன் புதுவீட்டில் பால் காய்ச்சினான். (இதை எழுதப்போகிறேன் என்று அவனிடம் முன்பே சொல்லிவிட்டேன். "எழுதுங்க பெரிப்பா, பேரு மட்டும் போட்றாதீங்க" என்றான்.) பழைய ஓட்டு வீடு இருந்த அதே மனையில் மாடி வீடு. காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று தலைமுறையின் ஆசை அது. அதில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

கூடத்துக்குள் போனேன். சென்னையிலிருந்து ஒரு அலங்காரக்காரரை வரவழைத்திருக்கிறான். 'கோஸ்டல் தீம்' என்றார்கள். மூன்று சுவர் சாம்பல் கலந்த வெள்ளை, ஒரு சுவர் மட்டும் நீலம். நீலச் சுவரின் நடுவில் மரத்தில் செய்த கப்பல் சக்கரம், சுற்றிலும் எட்டு கைப்பிடி. அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'பீச் ஹவுஸ்'. பக்கத்தில் முழ உயரத்துக்கு ஒரு பொம்மைக் கலங்கரை விளக்கம். மொட்டைமாடிக்குப் போனால் நிஜக் கலங்கரை விளக்கமே தெரிகிற ஊரில், ஐயா!

நான் கணக்கு வாத்தியார். ஒரு கேள்வி கேட்கிறேன். நம் பழவேற்காடு ஏரியில் யாராவது சக்கரம் பிடித்துப் படகு ஓட்டி நீங்கள் பார்த்ததுண்டா? கழி உண்டு, துடுப்பு உண்டு, சுக்கான் உண்டு, இப்போது இன்ஜின் கைப்பிடி உண்டு. இந்தச் சக்கரம் எந்த ஊர்க் கப்பலிலிருந்து வந்தது?

பழைய வீட்டில் வாசல் தாண்டியதும் எங்கள் அப்பாவின் துடுப்பு மாட்டியிருக்கும். அவர் பிடித்துப் பிடித்து அந்த இடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிய காசு அந்தத் துடுப்பு சம்பாதித்தது. "எங்கடா அது?" என்று கேட்டேன். கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் காட்டினான். கோழிக்கூண்டு சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தது.

திரும்பி வந்தால் என் தம்பி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். "உள்ளே வந்து உட்காரேன்டா" என்றேன். "சோபா அழுக்காயிடும்ணே" என்றான். நாற்பது வருஷம் கடலிலும் ஏரியிலும் பாடுபட்டுக் கட்டிய வீடு. அதற்குள் அவன் உட்கார ஒரு இடம் இல்லை.

அன்றைக்கு வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

அலங்காரக்காரர்களுக்கு ஒரு வேதம் இருக்கிறது, தெரியுமா? 60-30-10. அறையில் நூற்றுக்கு அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது பங்கு இன்னொன்று, பத்துப் பங்கு மூன்றாவது. அப்புறம், சோபாவும் நாற்காலியும் ஒரே ஜோடியாக இருக்கவேண்டும். படங்கள் கண்மட்டத்தில் ஒரே வரிசையில் தொங்கவேண்டும். காலண்டர் கூடாது. பிள்ளை வரைந்த படம் கூடாது. தாத்தா போட்டோ கூடத்தில் கூடாது, பூஜை அறைக்குப் போய்விடவேண்டும். இந்த விதியெல்லாம் யாருக்காக? வருஷத்துக்கு இரண்டு முறை வந்து காபி குடித்துவிட்டுப் போகிற விருந்தாளிக்காக. மீதி நாள் பூராவும் அதே வீட்டில் இருப்பவனுக்காக ஒரு விதிகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இதையெல்லாம் தம்பி மகனிடம் அன்றே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னான்: "பெரிப்பா, பழைய வீட்டுக்கு என் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ஒருத்தனும் வரமாட்டான். வலை, துடுப்பு, மீன் வாசனைன்னு கிண்டல் பண்ணுவாங்க. இப்பதான் வர்றாங்க."

இதற்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க யோசித்தேன். அப்போது நினைவுக்கு வந்ததை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்கு வேலை கிடைத்த புதிதில் உடன் வேலை பார்த்த ஆசிரியர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திண்ணையில் காய்ந்துகொண்டிருந்த வலையைச் சுருட்டிக் கொல்லையில் போட்டேன். அப்பா பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நான் சுருட்டிய வலையைத்தான் இன்றைக்கு இவன் துடுப்பாகக் கழற்றியிருக்கிறான். வழி காட்டியவன் நான்தான். ஆகவே இந்தத் திட்டில் முதல் பங்கு எனக்கு.

ஆனால் யாருக்கு முன்னால் நாம் கூசினோம் என்று யோசித்துப் பாருங்கள். 1613-ல் டச்சுக்காரன் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினான். 1690 வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கே நம் ஊர்தான் அவனுக்குத் தலைமையிடம். எதற்காக வந்தான்? இந்தக் கரையின் துணிக்காக. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினான். பாலியகட் லுங்கி என்று கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் நம் ஊர்ப் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தை எடுத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஓடும். 60-30-10 கணக்கில் அது தேறாது. நிறம் சேர்க்கும் வித்தையை உலகத்துக்கு விற்ற ஊர்க்காரனுக்கு ஒருவர் வந்து "மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம் சார்" என்று பாடம் எடுக்கிறார். நாமும் காசு கொடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்.

டச்சுக் கல்லறைக்குப் பள்ளிப்பிள்ளைகளை எத்தனை முறை கூட்டிப்போயிருப்பேன்! வாசலில் நிற்கிற எலும்புக்கூடு சிற்பங்களைப் பார்த்துப் பயந்து என் வேட்டியைப் பிடித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே ஒரு சமாதி தூபி மாதிரி, இன்னொன்று கூம்பு மாதிரி, தரையில் சித்திரம் செதுக்கிய பலகைக்கற்கள். செத்தவனுக்கே தனித்தனி அடையாளம் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற நாம் எல்லோரும் ஒரே கேட்லாக் வீட்டில் குடியிருக்கவேண்டுமா?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களில் வரிசை வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே அளவு, ஒரே கதவு, ஒரே நிறம். அந்த உதவிக்கு நன்றி சொல்லவேண்டும், சொல்கிறேன். ஆனால் குடியேறிய ஜனங்கள் முதலில் செய்த வேலை என்ன? படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எடுத்துக் கதவுக்கு அடித்தார்கள். ஒருத்தர் திண்ணை இழுத்தார், இன்னொருத்தர் ஓலைப் பந்தல் போட்டார். எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது 'இது என் வீடு' என்கிற அடையாளம்.

வெளியூர்க் கதையும் ஒன்று சொல்கிறேன். லெ கார்புசியர் என்ற பெரிய கட்டடக் கலைஞர் திட்டமிட்டு, நேர்கோடு போட்டு உருவாக்கிய நகரம் சண்டிகர். அங்கே சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த் என்பவர், நகரத்துக்காக இடித்த கிராமங்களின் குப்பையிலிருந்து உடைந்த ஓடு, பீங்கான், வளையல் எல்லாம் பொறுக்கி, காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்கில் பொம்மைகள் செய்துகொண்டிருந்தார். அரசாங்க நிலம், அனுமதி கிடையாது. கண்டுபிடித்தபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை. 1976-ல் 'ராக் கார்டன்' என்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-ல் அவருக்கு பத்மஸ்ரீ. இன்று சண்டிகர் போகிறவர்கள் நேர்கோட்டுத் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறார்களோ இல்லையோ, வளையல் பொம்மையைப் பார்க்காமல் வருவதில்லை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து நம் நாட்டில் தங்கிவிட்ட கட்டடக் கலைஞர். இடித்த வீட்டுக் கதவு ஜன்னல், உடைந்த டைல்ஸ், காலி பாட்டில் எல்லாவற்றையும் வைத்து வீடு கட்டினார். தன் வீட்டையும் அப்படித்தான் கட்டிக்கொண்டார்.

"சார் எல்லா விதியையும் மீறச் சொல்கிறார்" என்று யாரும் கிளம்பவேண்டாம். மீறக்கூடாத விதிகள் உண்டு. நம் ஊரில் உப்புக்காற்று. வயரிங் ஒழுங்காக இருக்கவேண்டும். கம்பி வெளியே தெரியக்கூடாது, துருப்பிடித்துச் சுவரைப் பிளந்துவிடும். எதிரெதிர் ஜன்னல் வேண்டும். இதெல்லாம் காற்றும் தண்ணீரும் போட்ட விதி. வேடிக்கை என்னவென்றால், நாகரிகம் என்று இவர்கள் செய்துவிட்டுப் போகிற வேலைதான் இங்கே நிற்பதில்லை. சுவரில் ஒட்டுகிற காகிதம் ஈரத்தில் பூஞ்சை பிடித்து உரியும். ஜிப்சம் கூரை தொய்யும். சுண்ணாம்பு அடித்த சுவரோ ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

இன்னொன்று. வழவழ டைல்ஸ் வேண்டும், வெள்ளைச் சுவர் வேண்டும் என்று ஆசைப்படுகிற அம்மாக்களையும் நான் குறை சொல்லவில்லை. சாணி மெழுகியே முதுகு வளைந்தவளுக்குப் பளபளப்பான தரை ஆசைதான். அவள் ஆசைப்பட்டால் அது அவள் வீடு. பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாளோ என்று போட்டால்தான் தகராறு. கோலத்தைப் பாருங்கள். புள்ளிக்குக் கணக்கு உண்டு, பிசகினால் அழித்துவிட்டுத் திரும்ப வைக்கவேண்டும். ஆனால் இன்றைக்கு எந்தக் கோலம், என்ன வண்ணம் என்று போடுகிறவள்தான் முடிவு செய்வாள். வீடும் அப்படி இருந்தால் போதும்.

என் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கரும்பலகைப் பெயிண்ட். "வீடா, பள்ளிக்கூடமா?" என்று சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். இப்போது அவர்கள் பேரப்பிள்ளை வந்ததும் ஓடுவது அந்தச் சுவருக்குத்தான். முழங்கால் உயரம் வரை அவன் கிறுக்கல், மேலே என் பால் கணக்கு. ஜன்னலுக்குக் கட்டம் போட்ட கைலிதான் திரை. நம் ஊர்ப் பெண்கள் பின்னிய பனை ஓலைக் கூடையைக் கவிழ்த்து விளக்குக்கு மூடி ஆக்கியிருக்கிறேன். ராத்திரி விளக்குப் போட்டால் சுவரெல்லாம் ஓலை நிழல். மூன்று கதவுக்கு மூன்று நிறம், மிச்சப் பெயிண்ட். என் வீட்டுக்காரி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். போன வாரம் நான்காவது கதவுக்கு ரோஸ் வேண்டும் என்று அவளே கேட்கிறாள்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. நாலு பேர் சிரிப்பார்கள், அதைத் தாங்கிக்கொண்டால் போதும்.

தம்பி மகனுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உன் நண்பர்கள் வரட்டும். அந்தத் துடுப்பைக் காட்டி, "இது எங்க தாத்தாவோடது, இந்தத் தேய்மானம் அவரு கை" என்று ஒரு முறை சொல்லிப் பார். அதற்குப் பிறகும் மூக்கைப் பொத்துகிறவன் உன் வீட்டுக்கு வராவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. சக்கரத்தையும் தூக்கிப் போடவேண்டாம், காசு போட்டு வாங்கியது. பிள்ளைகள் சுற்றி விளையாட மொட்டைமாடியில் மாட்டு. உன் அப்பனுக்கு நீலச் சுவர் பக்கத்திலேயே ஒரு சாய்வு நாற்காலி போடு. அழுக்கானால் ஆகட்டும்.

துடுப்பு இன்னும் கோழிக்கூண்டுப் பக்கம்தான் இருக்கிறது என்று கேள்வி. பொங்கலுக்கு வருகிறேன். சுத்தியலும் இரண்டு ஆணியும் நான் கொண்டுவருகிறேன். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணியாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்